கலெக்டருக்குப் பாயத் தெரியாது

என் அண்ணி ரோஜா தினமும் காலையில் கலெக்டரின் பல்லைப் பார்ப்பாள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் தவிடு வைப்பாள். புதிதாகக் கேட்பவர்கள் ஒரு நிமிடம் முழிப்பார்கள். கலெக்டர் என்பது ஒரு குதிரை. எதற்கும் அவசரப்படாமல், யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் வருகிற அதன் தோரணைக்காக என் அண்ணன் ஆரோக்கியராஜ் வைத்த பெயர். மனு கொடுக்க வந்தவளைப் பார்ப்பதுபோலத்தான் அது என்னையும் பார்க்கும்.

நான் ஆரோக்கியசெல்வி. திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு, பெருமுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ரோஜா என்னைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி அண்ணிதானே. என் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும், அவள் ஒருத்தி மட்டும் பயந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஏதோ குத்தலாகச் சொல்ல, "டீச்சரு, பாடத்த நாளைக்கு நடத்துங்க, இப்ப வந்து சாப்புடுங்க" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது. அவளுக்குப் பிள்ளை இல்லை. இப்போது புருஷனும் இல்லை. மிச்சம் இருப்பது இந்தக் குதிரை ஒன்று, அப்புறம் நான்.

அண்ணன் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினவன். அது வயிற்றுக்கு. மனசுக்கு என்று ஒன்று இருந்தது, அது குதிரை வண்டிப் பந்தயம். திருவிழா நேரத்தில் ரோட்டில் நடக்கும் பந்தயங்களில் மற்றவர்களுடைய குதிரைகளை ஓட்டிக்கொடுப்பான். கப்பை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பவர் குதிரைக்குச் சொந்தக்காரர். அண்ணன் அந்த போட்டோவில் குதிரைக்கு அந்தப் பக்கம், கால் மட்டும் தெரிய நிற்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. "குதிர என்னத்தான பாத்துக்கினு நிக்குது" என்பான்.

கலெக்டர் அவன் கைக்கு வந்ததும் அப்படித்தான். வெங்கடாசலம் என்ற பண்ணைக்காரர் வாங்கி வந்த குதிரைக்கு முன்னங்கால் குளம்பு வெடித்துவிட்டது. இனி தேறாது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, "நீயே இட்டுக்கினு போய்யா" என்று அண்ணனிடம் தள்ளிவிட்டார். அண்ணனும் அண்ணியும் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் என் பிறந்த வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல் அந்தக் காலைப் பார்த்தார்கள். குதிரை தேறியது. வெறும் தேறலா, அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதை முந்த ஒரு வண்டி இல்லை என்கிற அளவுக்குத் தேறியது.

இங்கே பந்தயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. குதிரைக்கு முதலில் நடை. அதற்கு மேல் ஓட்டம். காலடிச் சத்தம் இரண்டிரண்டாக, டக் டக், டக் டக் என்று கேட்கும். அதற்கும் மேல் பாய்ச்சல். சத்தம் மூன்று மூன்றாகத் ததக்கு, ததக்கு என்று மாறிவிடும், முதுகே அலை மாதிரி எழும்பி இறங்கும். எங்கள் பக்கத்து வண்டிப் பந்தயத்தில் ஓட்டம் மட்டும்தான் அனுமதி. எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் ஓடலாம், பாயக் கூடாது. பாய்ந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவார்கள்.

குதிரைக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா? பின்னாலிருந்து இன்னொரு வண்டி நெருங்கினால் பாயத்தான் பார்க்கும். மற்றவர்கள் கடிவாளத்தை வாய் கிழிய இழுத்து அடக்குவார்கள். அண்ணன் இழுக்க மாட்டான். குதிரையின் தோள் ஒரு சிட்டிகை எழும்பும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். "இருப்பா... இரு..." என்பான், கடைசி எழுத்தைக் கொஞ்சம் மூக்கால் இழுத்து. எழும்பின தோள் இறங்கிவிடும். அத்தனை சந்தடியிலும் அந்தக் குரல் அதற்குக் கேட்கும். வருடக்கணக்கில் அப்படிப் பழக்கிப் பழக்கி, கலெக்டர் பாயாத குதிரை என்று பேர் வாங்கிவிட்டது. தெருநாய் குரைத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தாலும் அது ஓட்டத்தை விட்டு மாறாது. அண்ணி பயிற்சி நேரத்தில் வண்டியின் பின்கட்டையில் உட்கார்ந்து கூடவே போவாள். புருஷன் பெண்டாட்டி சினிமாவுக்குப் போகிற மாதிரி அவர்களுக்கு அது.

அண்ணனுக்குச் சாவு வந்ததும் அந்த வண்டியில்தான்.

அன்றைக்கு அண்ணிக்குக் காய்ச்சல், கூடப் போகவில்லை. விடிந்ததும் தனியாக வண்டியைப் பூட்டிக்கொண்டு போனவன், திரும்பி வருகிற வழியில் எங்கோ நெஞ்சு வலித்திருக்கிறது. இறங்கி யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருப்பான் போல. கலெக்டர் எப்போதும்போல் சீரான ஓட்டத்தில் வந்து வாசலில் நின்றது. கலெக்டருக்கு வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த அண்ணி, இவர் ஏன் இறங்காமல் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்திருக்கிறாள். கயிறு கையில் சுற்றியபடி இருந்தது. உயிரும் கொஞ்சம் இருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு திண்டிவனம் வந்தாள், நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார் டாக்டர். தப்பாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எங்கள் வீட்டில் வந்து குடியேறிவிட்டது.

சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நரம்பில்லாத நாக்குதானே. "குதிர நாலு கால்ல பாஞ்சு வந்திருந்தா பொழச்சிருப்பான்யா. அசைஞ்சு ஆடிக்கினு வந்திருக்குது பாரு, சனியன்." வித்துத் தொலைத்துவிடு என்றார்கள். ராசியில்லாத குதிரை என்றார்கள். அண்ணி அழுத கண்ணோடு வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"அவனுக்குப் பாயத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பாஞ்சிருப்பான். அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு யார் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் அவளுக்கு இதுதான் பதில். தெரியாததைச் செய்யவில்லை என்று யாரைக் குறை சொல்ல முடியும்? நானும் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் சாவைத் தாண்டி வந்தேன். வேறு எதுவும் பிடிக்கக் கிடைக்கவில்லை.

ஆனால் குதிரைக்குத் தீனி போட வேண்டுமே. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பார்கள், எங்களுக்கு ஒரு குதிரையே யானைதான். அப்போதுதான் ஜெகதீசன் சாரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். மயிலத்தைத் தாண்டிப் புதுச்சேரி ரோட்டில் குதிரைச் சவாரி சொல்லிக்கொடுக்கும் இடம் வைத்திருக்கிறார். சென்னையில் பந்தயக் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனுஷர். புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் வந்து கற்றுக்கொள்கிறார்கள். கலெக்டரின் ஓட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. குதிரையையும் எடுத்துக்கொண்டார், அதைப் பார்த்துக்கொள்ள அண்ணியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"ரோஜாம்மா, இந்த ஓட்டம் சின்னப் பசங்களுக்குத் தங்கம். ஆனா கொஞ்சம் கத்துக்கினவங்க கேண்டர் கேப்பாங்க. கேண்டருன்னா பாய்ச்சல், ஆனா வெறி புடிச்ச பாய்ச்சல் இல்ல, அடக்கமானது. அத்த எடுக்காத குதிரைய வச்சிக்கினு இங்க என்னால காலம் தள்ள முடியாது. கிறிஸ்துமஸ் லீவுல புது பேட்ச் வருது. அதுக்குள்ள எடுத்துட்டான்னா அவன் இங்கயே இருக்கட்டும், சாகற வரைக்கும்."

எடுக்காவிட்டால்? கடலூர் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு தடவை திண்டிவனத்தில் அப்படி ஒரு ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறாள். ஜெனரேட்டர் வண்டிக்கும் பேண்டு செட்டுக்கும் நடுவில், காலடியில் சரவெடி வெடிக்க, கண் சிவந்து நின்றிருந்ததாம் ஒரு வெள்ளைக் குதிரை. "அங்க போனா என் கலெக்டரு ஒரு மாசம் தாங்க மாட்டான் செல்வி" என்பாள்.

தெரியாததைச் சொல்லிக்கொடுத்தால் தெரிந்துகொள்ளும் என்பது அவள் நம்பிக்கை. மழைக்காலம் முடிகிற நேரத்தில் பழக்க ஆரம்பித்தார்கள்.

ஜெகதீசன் சார் அவசரப்படவில்லை. முதலில் விழுப்புரத்திலிருந்து கால்நடை டாக்டரை வரவழைத்து முதுகில் வலி இருக்கிறதா, பல் குத்துகிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. சேணம் தோளை அழுத்துகிறதோ என்று வேறு சேணம் மாற்றினார். லாடத்தைக் கழற்றிப் புதிதாக அடித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து, ஓட்டத்தில் விட்டு, தன் வெளிப்பக்கத்துக் காலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி அதன் விலாவில் தொட்டார். பாய்ச்சலுக்கு அதுதான் குறிப்பாம். கலெக்டர் என்ன செய்தது? தலையைத் தூக்கிக்கொண்டு, முதுகைப் பள்ளமாக்கிக்கொண்டு, ஓட்டத்தையே இன்னும் வேகமாக ஓடியது. மேலே இருந்த மனுஷர் மேடு பள்ளத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர்போல் குலுங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி முறைத்தாள்.

"வேகத்துலேர்ந்து கேண்டர் வராதும்மா, நிதானத்துலேர்ந்துதான் வரும்" என்றார் சார். அதனால் வேகத்தைக் குறைத்தார். நடை, ஓட்டம், மறுபடி நடை என்று மாற்றி மாற்றி விட்டு, பின்னங்காலில் பாரத்தைத் தாங்கப் பழக்கினார். நேர்கோட்டில் கேட்காமல் வளைவில் கேட்டார். தரையில் ஒரு கழியைப் போட்டு, அதைத் தாண்டி இறங்குகிற நொடியில் கேட்டார். லேசான மேட்டில் ஏறும்போது கேட்டார். கலெக்டர் புது இடத்தில் மிரளாமல் இருக்க அண்ணியை வட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, ஒரு நீளக் கயிற்றின் முனையை அவள் கையில் கொடுத்திருந்தார். அவள் நடுவில் நின்றால்தான் அது அமைதியாகச் சுற்றும்.

எல்லாம் ஒரு இடம் வரைக்கும் வரும். தோள் எழும்பும். முதுகு எழும்பும். இதோ பாயப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். பொசுக்கென்று அமுங்கி மறுபடி டக் டக், டக் டக் என்று ஓடும்.

ஜெகதீசன் சார் குதிரையைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் டிசம்பர் பிறந்ததும் அவர் பேச்சு குறைந்தது. கடலூர்க்காரர்கள் ஒரு நாள் வந்து கலெக்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அண்ணி எனக்கு போன் செய்தாள்.

"சாருக்கும் பேஜாராப் போச்சு செல்வி. அவரும் எத்தினி நாளு பாப்பாரு? நான் மாதாகிட்ட வேண்டிக்கினு நிக்கறேன், நடுவுல நின்னுக்கினு. என் வேண்டுதல் கூட அவன் காதுல ஏறல."

அவள் குரல் உடைந்தது. அவள் சுலபத்தில் உடைகிறவள் இல்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால், கேப்பை அடை சுட்டு எடுத்துக்கொண்டு, முதல் பஸ் பிடித்துப் போனேன்.

பனி முழுதாக விலகியிருக்கவில்லை. ஜெகதீசன் சார் ஏற்கெனவே கலெக்டர் மேல் இருந்தார். தூரத்தில் நின்றால் பனியில் ஒன்றும் தெரியாது என்று, நானும் வட்டத்துக்கு நடுவில் போய் அண்ணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவள் கண் குதிரையை விட்டு விலகவில்லை. நடை விட்டார், ஓட்டம் விட்டார். சரியான நிதானத்துக்கு வந்ததும் வளைவில் காலால் தொட்டார். தோள் எழும்பியது.

"இருப்பா... இரு..."

என் அண்ணனின் குரல். ஆண் குரல் இல்லை, ஆனால் அதே இழுப்பு, அதே மூக்கு, அதே அன்பு. அவனைப் புதைத்த நாளிலிருந்து நான் கேட்காத குரல் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. கலெக்டரின் காது எங்கள் பக்கம் திரும்பியது. எழும்பின தோள் அமுங்கியது. டக் டக், டக் டக்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் எதுவுமே நடக்காததுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுத்த சுற்றிலும் சார் காலால் தொட்டார். அடுத்த சுற்றிலும் அவள் வாய் முணுமுணுத்தது. ஓரத்தில் சுற்றுகிறவருக்கு அது கேட்க வழியில்லை. குதிரைக் காதுக்கு மட்டும் கேட்டது.

உண்மையைச் சொன்னால், சும்மா இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அந்தக் குரலை இன்னும் நாலு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கடலூர்க்காரர்கள் நினைப்பு வந்தது.

"அண்ணி, நீ இன்னா சொல்லிக்கினு இருக்கறே?"

"மாதாவ வேண்டிக்கினு இருக்கறேன்."

"வாய் விட்டு இன்னா சொல்றே?"

"நான் எங்க வாயத் தொறந்தேன்?" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருடம் பின்கட்டையில் உட்கார்ந்து, தோள் எழும்பும்போதெல்லாம் காதில் விழுந்த வார்த்தை, தோள் எழும்பும்போதெல்லாம் தானாக வந்திருக்கிறது. குதிரை பாய வேண்டும் என்று உலகத்திலேயே அதிகமாக ஆசைப்பட்டவள்தான் தினமும் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஜெகதீசன் சார் குதிரையை நிறுத்திக் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. "ஒரு தரம் வாயக் கட்டிக்கினு நில்லுங்கம்மா, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். சார் மறுபடி நடையில் ஆரம்பித்தார். ஓட்டம். நிதானம். வளைவு. காலால் தொட்டார். தோள் எழும்பியது. கலெக்டரின் காது எங்கள் பக்கம் திரும்பியது, எதற்கோ காத்திருந்தது. அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் கேட்கவில்லை.

ததக்கு, ததக்கு, ததக்கு.

எவ்வளவு சுலபமாக இருந்தது அது! தலையைத் தூக்கவில்லை, முதுகைப் பள்ளமாக்கவில்லை. தண்ணீரில் படகு போவதுபோல் ஒரு முழுச் சுற்று போனது, நிறுத்தச் சொல்லாததால் இன்னொரு சுற்றும் போனது. சார் அதை மெல்ல ஓட்டத்துக்கும், ஓட்டத்திலிருந்து நடைக்கும் கொண்டுவந்து, கயிற்றைத் தளர்த்திக் கழுத்தில் தட்டிக்கொடுத்தார். அந்த மனுஷர் முகம் முழுக்கச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"செஞ்சிட்டான் ரோஜாம்மா. கலெக்டரு இனிமே இங்கதான். நான் குடுத்த வாக்கு."

நான் அண்ணியைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. நான்தான் இழுத்து எடுத்தேன்.

"கத்துக்கினான் அண்ணி. நீ ஆசப்பட்ட மாதிரியே ஆயிடுச்சு."

"கத்துக்கல செல்வி" என்றாள். "ஒரே நாளுல இப்படி யாரு கத்துக்குவாங்க? இவனுக்கு மொதல்லேர்ந்தே தெரியும்."

எனக்கு அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று அப்போதும் புரியவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன்.

"அவரு போன அன்னிக்கு," என்றாள், "ரோட்டோரம் டீக்கட போட்டிருக்கானே குமரேசன், அவன் பாத்திருக்கான். வண்டி போவும்போது இவரு குனிஞ்சிக்கினு ஒக்காந்திருந்தாராம். வாய் மட்டும் அசைஞ்சிக்கினே இருந்துச்சாம். செபம் சொல்லிக்கினு போறாருன்னு அவன் நெனச்சிக்கினானாம். கருமாதி முடிஞ்சப்புறம் என்கிட்ட வந்து சொன்னான். நான் யாருகிட்டயும் சொல்லல. உன்கிட்ட கூட சொல்லல. எனக்குன்னு வச்சிக்கினேன். செபத்தோட போனாருன்னு நெனச்சிதான் செல்வி நான் ராவுல கண்ண மூடறேன்."

அவள் முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். பிறகு, "செபம்தான் அண்ணி சொல்லியிருப்பான்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கண்ணன் எந்தக் காலத்துல செபம் சொன்னாரு?"

சொன்னதில்லைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை கோயில் வாசலில் குதிரைக்குப் பக்கத்தில் நின்றிருப்பான். உள்ளே வா என்று கூப்பிட்டால், "நீங்க எனக்கும் சேத்து சொல்லுங்க, இவன் தனியா நிப்பான்" என்பான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அண்ணிக்கு அழுகை மட்டும்தான் வந்தது.

"இவன் பாயத்தான் பாத்திருக்கான் செல்வி. மேல இருக்கறவருக்கு ஒடம்பு சரியில்லன்னு இவனுக்குத் தெரியாமப் போவுமா? தோளத் தூக்கித் தூக்கிப் பாத்திருக்கான். நெஞ்சப் புடிச்சிக்கினு அவரு, இருப்பா இரு, இருப்பா இருன்னு வழி பூரா சொல்லிக்கினே வந்திருக்காரு. இவன் கேட்டுக்கினே வந்திருக்கான்."

ஜெகதீசன் சார் சற்றுத் தள்ளி நின்று, எங்களைப் பார்க்காமல் சேணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கலெக்டர் தலையைத் தாழ்த்தி அண்ணியின் தலைமுடியை முகர்ந்தது. அவள் அதன் மூக்கைத் தள்ளிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம். குதிரை மேல் இனி கோபப்பட வழியில்லை, அது சொன்ன பேச்சைக் கேட்டது. அண்ணன் மேல் படலாம் என்றால், பழக்கம் விடாத பாவம் அவன், நெஞ்சு வெடிக்கிற நேரத்திலும் குதிரை பந்தயத்தில் தோற்கக் கூடாது என்று பார்த்திருக்கிறான். யாருமே இல்லாத ரோட்டில் என்ன பந்தயம்? அதை அவனிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பான்.

கொண்டுபோன கேப்பை அடையை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான். கிறிஸ்துமஸ் லீவில் புது பேட்ச் வந்தது. சொன்ன இடத்தில், சொன்ன காலை முன்வைத்து, கலெக்டர் கேண்டர் எடுத்தது. புதுச்சேரிப் பிள்ளைகள் அதன் மேல் ஏற வரிசையில் நின்றார்கள். கடலூர்க்காரர்களுக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அண்ணிதான் அதற்குத் தீனி வைக்கிறாள், குளிப்பாட்டுகிறாள், சேணம் பூட்டிக் கொடுக்கிறாள். ஆனால் வகுப்பு தொடங்கியதும் அவள் அங்கே நிற்பதில்லை. முதல் நாள் வேலியோரம் நின்று பார்த்தாள். பாய்ந்து வந்துகொண்டிருந்த கலெக்டர் அவளைக் கண்டதும் காதைத் திருப்பிக்கொண்டு ஓட்டத்துக்கு இறங்கிவிட்டது. அவள் வாயைத் திறந்தாளா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மேலே இருந்த பெண் தடுமாறி, விழாமல் தப்பினாள். "நான் அந்தாண்ட இருந்துக்கறேன் சார்" என்று அவளாகவே சொல்லிவிட்டாள். அவரும் தடுக்கவில்லை. இப்போது வகுப்பு நேரத்தில் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் ஆசைப்பட்டபடியே குதிரை அவளோடுதான் இருக்கிறது. அது நன்றாக ஓடுகிற நேரத்தில் மட்டும் அவள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பொங்கல் லீவில் ஒரு நாள் நானும் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ததக்கு, ததக்கு என்று சத்தம் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணனின் போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. அவன் போனில் பேசினால்கூட நாலு வார்த்தையில் வைத்துவிடுகிறவன்.

"அண்ணி, ஒரே ஒரு தரம் சொல்லேன். மெதுவா. என் காதுல மட்டும்."

எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. வாயைத் திறந்தாள். கண் நிறைந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு, கொட்டகைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"வேணாம் செல்வி. அவன் காதுல விழுந்தா நின்னுடுவான்."